பன்னிரண்டு மாதமும் பத்தொன்பது டிகிரி

— மூணு தடவை அலசணும் அண்ணி. ரெண்டோட நிறுத்திட்டீங்க.

— எண்ணிக்கிட்டே இருக்கியா? ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளிச்சுட்டு ஈரமுடியோட காலை நீட்டி உக்கார வேண்டியவ நான். உங்க அண்ணனுக்குச் சாப்பாட்டை மூடி வச்சுட்டு, பூட்டிக் கிடக்கிற லேப்ல வந்து உனக்குப் பாட்டில் கழுவிக்கிட்டு இருக்கேன். இதுலயும் எண்ணிக்கையா, ஆராய்ச்சி?

— போன தண்ணியோட உப்பு ஒரு துளி ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட, அடுத்த தண்ணி மேல பழி விழும். அதுக்காகச் சொன்னேன்.

— இந்தா, நாலு தடவையே அலசிட்டேன். உன் மனசு குளிரட்டும். மூடி எங்க வைக்க?

— தட்டுல கவுத்துடுங்க. கையைத் துடைச்சுட்டு இப்படி வாங்க. இந்த மேஜை மேல ரெண்டு பாட்டில் இருக்கு, பாருங்க.

— பார்த்தேன். தண்ணி.

— இடது பக்கம் இருக்கிறது வெள்ளிக்கிழமை நீங்க கொண்டுவந்தது. சீட்டும் பக்கத்துல இருக்கு. 'மேல் பாறை. காலை எட்டு பத்து. பத்தொன்பது டிகிரி.'

— என் எழுத்துதான். கோழி கிளறின மாதிரி இருக்கே, வேற யாருதா இருக்கும்? ஆனா இந்தச் சீட்டு உன் கைக்கு வரக்கூடாதே. தண்ணி எடுக்கிறவ சோதிக்கக் கூடாது, சோதிக்கிறவ எடுக்கக் கூடாது, சீட்டெல்லாம் சாரோட அலமாரியிலதான் இருக்கணும்னு நீதானே எனக்குப் பாடம் எடுத்த? வீட்டுல சாப்பிடும்போதுகூட ஆத்தைப் பத்திப் பேசக்கூடாதுன்னு தடை போட்டவளாச்சே நீ.

— வருஷம் முடிஞ்சாச்சு அண்ணி. அறிக்கையோட சேர்த்துக் கட்டுறதுக்காகப் பன்னிரண்டு சீட்டையும் சார் என்கிட்ட கொடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமையது கடைசி.

— ஓ.

— வலது பக்கம் இருக்கிற பாட்டிலும் அதே வெள்ளிக்கிழமை, அதே மேல் பாறையில எடுத்தது. காலை ஒன்பதரைக்கு.

— யாரு எடுத்தா?

— நான்.

— நீயா? அன்னிக்கு நீ தலைவலின்னு லீவு போட்டுட்டுப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தியே.

— நீங்க எட்டிப் பார்த்தப்போ போர்வைக்குள்ள ரெண்டு தலையணைதான் இருந்துச்சு. நான் அஞ்சு மணி பஸ்ல போயிட்டேன்.

— அடேயப்பா. திருட்டுத்தனமெல்லாம் எங்க கத்துக்கிட்ட?

— இந்தக் கம்பியைப் பிடிங்க. தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு இது சொல்லும். முதல்ல என் பாட்டில்ல விடுங்க. எவ்வளவு காட்டுது?

— தொண்ணூத்தி நாலு.

— இப்போ கம்பியைக் கழுவிட்டு உங்களோடதுல விடுங்க.

— ஆயிரத்து நூத்தி... முப்பத்திரெண்டு. இரு, இது ஆடுது. முப்பது.

— ஒரே ஆறு, ஒரே இடம், ஒரே நாள். நான் தப்பா இருக்கலாம். நீங்க சொல்லுங்க.

— நான் என்னத்தைச் சொல்ல? நீ படிச்சவ. நான் பாட்டிலைத் தூக்குறவ.

— தோணுறதைச் சொல்லுங்க.

— மழையா இருக்கும். மழைத்தண்ணி ஆத்தோட உப்பை நீர்த்துப்போக வைக்கும்னு நீதானே சொன்ன?

— நான் எங்க சொன்னேன்?

— போன மாசம் பூரா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பழகினியே, அறிக்கையை எல்லார் முன்னாடியும் படிக்கணும்னு. பாத்திரம் துலக்கிக்கிட்டே கேட்டு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. 'மழைக்காலத்தில் நீர்த்துப்போதல், கோடையில் செறிவடைதல்.' சொல்லட்டுமா மிச்சத்தையும்?

— எட்டு பத்துக்கும் ஒன்பதரைக்கும் நடுவுல மழை பெய்யல. கொண்டுபோன குடையை விரிக்கவே இல்லை.

— அப்போ வெயில். தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு நின்னுடும்.

— அப்படின்னா வெயில் ஏறினப்புறம் எடுத்த என் பாட்டில்லதானே உப்பு கூட இருக்கணும்? அதுவும் போக, உப்பும் சர்க்கரையும் கரைச்ச தண்ணியை அடுப்புல வச்சுச் சுண்ட விட்டா, உப்பு மட்டுமா ஏறும்? ரெண்டும் சேர்ந்துதான் ஏறும். ஆத்துலயும் அப்படித்தான். வெயில்ல சுண்டினா சுண்ணாம்பும் சிலிக்காவும்கூட ஏறியிருக்கணும். உங்க பாட்டில்ல அதெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு. உப்பு மட்டும் ஒத்தையா ஏறியிருக்கு.

— சரி, பாறைதான். பாறைக்கு அடியில பழைய காலத்து உப்பு அடுக்கு இருக்கு, ஊத்துத் தண்ணி அதைக் கரைச்சுக் கொண்டுவந்து ஆத்துல விடுது, கோடையில ஆத்துல தண்ணி குறையும்போது ஊத்துதான் மிச்சம் நிக்கும், அதனால உப்பு தெரியுது. ஆறு பக்கம் எழுதினியே. சார்கூட அதைப் படிச்சுட்டு எழுந்து நின்னு கை கொடுத்தாராமே.

— எழுதினேன். அந்த அடுக்கை நான் கண்ணால பார்த்ததில்லை அண்ணி. உங்க பாட்டிலைப் பார்த்து நானா கட்டினது அது.

— ஆத்துல எது எப்போ எப்படி வரும்னு யாருக்குத் தெரியும்? எட்டு பத்துக்கு ஒரு மாதிரி வந்திருக்கும், ஒன்பதரைக்கு ஒரு மாதிரி...

— எட்டு பத்துக்கு நான் அந்தப் பாறை மேலதான் உக்கார்ந்திருந்தேன்.

— எட்டு பத்துக்கா?

— ஏழரைக்கே போயிட்டேன். முதல் தடவை பார்க்கிறேன் அந்த இடத்தை. இடுப்பளவுத் தண்ணியில அடியில கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஒன்பதரை வரைக்கும் உக்கார்ந்திருந்தேன். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீங்கதான்னு எழுந்து நிப்பேன். ரெண்டு தடவை ஆடு. ஒரு தடவை ஒண்ணுமே இல்லை, என் பையே சரிஞ்சு விழுந்த சத்தம். ஏதாவது ஒரு வழியில நீங்க வந்துடணும்னு வேண்டிக்கிட்டே உக்கார்ந்திருந்தேன். கடைசியிலதான் பாட்டிலை நிரப்பினேன்.

— கதவைச் சாத்து.

— யாரும் இல்லை. வாட்ச்மேன் மட்டும்தான், அவரும் கேட்கிட்ட இருக்காரு.

— பரவாயில்லை, சாத்து.

— சாத்திட்டேன்.

— நீ எப்படிப் போன மேல? பாதைதான் இல்லையே.

— மலைப்பக்கமா ஆடு போற தடத்துல சுத்திப் போனேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. பாதை பாதி ஆத்துக்குள்ள சரிஞ்சு கிடக்கு. சரிஞ்ச மண்ணு மேல இடுப்பு உயரத்துக்குச் செடி வளர்ந்திருக்கு. ஒரு வருஷமாவது ஆயிருக்கும்.

— பத்து மாசம். ரெண்டாவது தடவை போகும்போதுதான் சரிஞ்சுது. நான் அது மேலதான் இருந்தேன்.

— மேலயா?

— பாட்டில் பையோட. முந்தின நாள் ராத்திரி பூரா மழை. கால் வச்ச இடம் அப்படியே கீழ போச்சு. ஒரு வேர் கையில மாட்டிச்சு. அதைப் புடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் தொங்கினேன் பாப்பா. கீழ ஆறு செக்கச்செவேல்னு ஓடுது. கத்தினேன். எனக்கே என் சத்தம் கேட்கல.

— அந்த வாரம் கையில கட்டு போட்டிருந்தீங்க. கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க.

— உங்க அண்ணன்கிட்ட உண்மையைச் சொன்னா அன்னிக்கே வேலையை விடச் சொல்லியிருப்பாரு. 'நான் அப்பவே சொன்னேன்'னு ஆரம்பிச்சா அவரு நிறுத்தமாட்டாரு, உனக்கே தெரியும். முப்பத்தெட்டு வயசுல எனக்குன்னு கிடைச்ச முதல் வேலை இது. என் பேரு போட்ட அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஸ்கூட்டர்ல போறப்போ, எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குச் சொன்னாப் புரியாது.

— புரியும். அந்த வேலைக்கு உங்க மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

— அதான் இன்னும் வலிக்குது.

— அப்புறம் எங்க எடுத்தீங்க?

— பாலத்துப் படிக்கட்டுல. ஆலையோட கழிவுக் குழாய் பாலத்தைத் தாண்டிக் கீழதானே ஆத்துல விழுது? பாலம் அதுக்கு மேல இருக்கு. மேல ஓடுற தண்ணிதானே அங்கயும் வருது, ஒரே ஆறுதானேன்னு நினைச்சேன். சத்தியமா அவ்வளவுதான் நினைச்சேன்.

— ஒரே ஆறு இல்லை அண்ணி. போற வழியில யாரைத் தொட்டாலும் ஆறு அவங்களோடதை வாங்கிக்கும். மேல இருக்கிறது கருங்கல்லு. அது சரியான கஞ்சன். எத்தனை காலம் தண்ணி மேல ஓடினாலும் கொஞ்சமா சிலிக்கா கொடுக்கும், துளி சுண்ணாம்பு கொடுக்கும், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல்லா இருந்தா தாராளமா கொடுத்திருக்கும். உப்பைக் கொடுக்கிற கல்லு அந்த மலையில எங்கயுமே இல்லை. போன வாரம் நான் படிக்கிற சாயங்கால வகுப்புல என் உப்பு ஊத்தைப் பத்திச் சொன்னப்போ, வாத்தியாரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: 'நீ அந்தப் பாறையைப் பார்த்திருக்கியா?' வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு. இல்லைன்னு சொன்னப்போ எனக்குக் கூசிப்போச்சு.

— அப்போ பாலத்துல எங்கேருந்து உப்பு வருது?

— பாலத்துக்குப் பக்கத்துக் கரையில ஆலையோட கழிவுத் தொட்டி நாலு இருக்குல்ல? வெயில்ல காய விடுறாங்களே, அது. அடியில கசியுது. மண்ணுக்குள்ள இறங்கி ஆத்துல சேருது. மழைக்காலத்துல ஆறு நிறைய ஓடும், தெரியாது. கோடையில ஆறு மெலிஞ்சிடும், கசிவு மட்டும் அப்படியே வரும். வெளியிலேருந்து எண்ணை மட்டும் பார்த்தா உப்பு ஊத்து மாதிரியே இருக்கும். நான் எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

— அம்மாடி.

— முதல் மாசம் தொண்ணூறு வந்துச்சு. ரெண்டாம் மாசம் முந்நூறு. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன். ஒன்பது தடவை திரும்பச் சோதிச்சேன். ரசாயனத்தை மாத்தினேன். பாட்டிலை மாத்தினேன். கண்ணு டாக்டர்கிட்டகூடப் போனேன், நிறம் மாறுறது எனக்குச் சரியாத் தெரியலையோன்னு. நீங்கதான் கூட வந்தீங்க, ஞாபகம் இருக்கா? வெளியில பெஞ்சுல உக்கார்ந்து என் பையை மடியில வச்சுக்கிட்டு இருந்தீங்க. எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். அப்பவும் சொல்லல.

— வாய் வரைக்கும் வந்துச்சு.

— எப்போ நின்னுச்சு?

— நீ வெளியில வந்து, 'கண்ணுல ஒண்ணும் இல்லையாம் அண்ணி, அப்போ ஆத்துலதான் ஏதோ இருக்கு'ன்னு சிரிச்ச பாரு. அன்னிக்கு ராத்திரியே உக்கார்ந்து நோட்டு நோட்டா எழுத ஆரம்பிச்ச. அப்படி ஒரு சந்தோஷத்தை உன் மூஞ்சியில நான் பார்த்ததில்லை. அப்புறம் உன் வேலையும் நிரந்தரம் ஆச்சு. எப்படிச் சொல்வேன்?

— தண்ணியை மாத்தி எடுத்தது பயத்துல. அதை நான் மன்னிச்சுடுவேன் அண்ணி, நானும் அந்தப் பாதையைப் பார்த்தேன். ஆனா பத்தொன்பது? மேல் பாறையில பத்தொன்பது இருக்கும், சரி. பாலத்துல வெயில்ல காயுற தண்ணி இருபத்தாறு இருபத்தெட்டுல இருக்கும். பன்னிரண்டு சீட்டுலயும் பத்தொன்பது. பயந்தவங்க ஒரு தடவை பொய் எழுதுவாங்க. மாசாமாசம் உக்கார்ந்து ஒரே பொய்யையா எழுதுவாங்க?

— எழுதினேன்.

— இந்த ரெண்டாம் மாசச் சீட்டைப் பாருங்க. முதல்ல இருபத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் அதை அடிச்சுட்டுப் பத்தொன்பது. மிச்ச எழுத்தெல்லாம் கோழி கிளறல், இது மட்டும் முத்து முத்தா இருக்கு. தப்புப் பண்றப்போ மட்டும் கை நடுங்கல உங்களுக்கு.

— அந்தச் சீட்டைத் திருப்பி வை பாப்பா.

— அதைவிடக் கேவலம் நான்தான். அறிக்கைக்காகச் சார் சூட்டை மட்டும் பட்டியல் போட்டுக் கொடுத்தப்போ, எல்லா மாசமும் ஒரே பத்தொன்பதுன்னு பார்த்ததும் சந்தேகப்பட்டிருக்கணும். பாறைக்குள்ளேருந்து வர்ற ஊத்து வருஷம் பூரா ஒரே குளிர்ச்சியா இருக்கும்னு அதுக்கும் ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். என் உப்பு ஊத்துக்கு அது ஆதாரமாம்.

— அந்தப் பாட்டிலைக் கீழ வை. கொட்டிடப்போகுது.

— யார்கிட்டயாவது சொன்னீங்களா? அண்ணன்கிட்ட? உங்க அக்காகிட்ட?

— இந்த மூடியில ஒண்ணு குறையுது. பதினொண்ணுதான் இருக்கு.

— அண்ணி.

— அவங்க யார்கிட்டயும் சொல்லல.

— நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டத்துக்கு அந்த அறிக்கை போகுது. அதுல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? இந்த ஆத்துல இயற்கையாவே இவ்வளவு உப்பு இருக்குன்னு இருக்கு. கீழ என் கையெழுத்து. அந்த எண்ணை வச்சுத்தான் ஆலை இனிமே எவ்வளவு உப்பு விடலாம்னு முடிவு பண்ணுவாங்க. ஏற்கனவே கசியுறதை யாரும் கேக்கமாட்டாங்க, ஏன்னா அது கசிவே இல்லை, இயற்கைன்னு நான் எழுதிட்டேன். அதுக்கு மேல புதுசா இன்னும் விடுவாங்க. கீழத்தெருவுல எல்லாரும் ஆத்தோரக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறாங்க.

— என் அக்கா வீடு அங்கதானே.

— தெரியும்.

— அவளோட சின்ன மக மாசமா இருக்கா, இப்போதான் எட்டாம் மாசம். போன வாரம்கூட அக்கா சொன்னா, கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல, ஒரு மாதிரி கடுக்குதுன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாறையில உப்பு இருக்காம்க்கா, எங்க வீட்டுப் பொண்ணே கண்டுபிடிச்சிருக்கான்னு பெருமையாச் சொன்னேன்.

— அதை நீங்களே நம்பினீங்களா?

— நீ எழுதினா எனக்கு நம்பிக்கை வந்துடுது. பாலத்துத் தண்ணியை நானே என் கையால மொண்டு ஊத்திட்டு, நீ கண்ணாடி முன்னாடி சொல்றதைக் கேட்டப்போ, சரி, உண்மையிலேயே மேலயும் அப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். சிரிப்பா இருக்கா?

— இல்லை.

— இப்போ என்ன பண்ணப்போற?

— கடிதம் எழுதிட்டேன். அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறேன், அதுல இருக்கிறது தப்பு, தப்பு என்னோடதுன்னு. இப்போ நேரா சார் வீட்டுக்குப் போறேன். இந்த ரெண்டு பாட்டிலையும் சீட்டையும் அவர் கையில கொடுத்துடுவேன்.

— அந்த நிதானம் வீட்டுக்கா?

— அப்படிக் கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

— வாயைத் திறந்தா 'நிதானம், நிதானம்'ங்கிற மனுஷனை வேற எப்படிக் கூப்பிட? பாப்பா, நான் சொல்றதைக் கேளு. அவர்கிட்ட போகாதே. அவருக்கு மேல இருக்கிறவங்களுக்கு எழுது. நாளைக்குக் காலையில கூட்டத்துலயே எழுந்து நின்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. நானும் வரேன், என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். அவர் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

— உங்க வேலை போயிடும்னு பயம்.

— போகட்டும். அட்டையை இப்பவே கழட்டி வைக்கிறேன். இந்தா.

— அப்போ எதுக்குத் தடுக்கறீங்க? இந்த ஆபீஸ்ல என்னை நம்பின ஒரே ஆள் அவர்தான். மத்தவங்க சோதனையை எல்லாம் மூணு தடவை திரும்பப் பண்ணச் சொல்வாரு. என்னை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முந்நூறுன்னு எழுதிக்கிட்டுப் பயந்துக்கிட்டே போய் நின்னேன், சார் இது சரியா இருக்காதுன்னு. 'உன் கை சுத்தமான கைம்மா. எண் வந்தா வந்ததுதான். ஏன் வந்துச்சுன்னு யோசி'ன்னாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் இந்த ஒரு வருஷம் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். அவர்கிட்டயே மறைச்சுட்டு மேலிடத்துக்கு எழுதினா, நீங்க எனக்குப் பண்ணினதை நான் அவருக்குப் பண்ணின மாதிரி ஆயிடும்.

— பையைக் கீழ வை.

— வழியை விடுங்க அண்ணி.

— வை. உக்காரு. அந்த ஸ்டூல்ல உக்காரு. யார்கிட்டயாவது சொன்னீங்களான்னு கேட்டியே.

— இல்லைன்னு சொன்னீங்க.

— உங்க அண்ணன்கிட்ட இல்லை, என் அக்காகிட்ட இல்லைன்னு சொன்னேன். மூணாவது மாசம், நீ கண்ணு டாக்டர்கிட்ட போயிட்டு வந்ததுக்கு மறுநாள், மனசு கேக்காம இங்க வந்தேன். அந்தப் பக்கத்து ரூம்லதான். பாதை சரிஞ்சதைச் சொன்னேன், பாலத்துல எடுத்ததைச் சொன்னேன், அழுதேன். உங்க சார் ஒரு வார்த்தைகூடத் திட்டல. அலமாரியைத் திறந்து ரெண்டாம் மாசச் சீட்டை எடுத்தாரு. என் இருபத்தாறை அடிச்சாரு. பக்கத்துல முத்து முத்தா அந்தப் பத்தொன்பதை எழுதினது என் கை இல்லை பாப்பா.

— என்ன சொன்னாரு?

— 'நிதானம்மா, நிதானம். நீ பாலத்துலயே எடு, சீட்டுல இதையே எழுது. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் வாயைத் திறக்காதே, காரணத்தை அவளே கண்டுபிடிச்சுக்குவா.'